கிளைடர் வகைத் தகுதி (ஐக்கிய அமெரிக்கா)

கிளைடர் வகைத் தகுதி என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஏற்கெனவே விமானி உரிமம் பெற்றுள்ள ஒருவர், இயந்திரத்தின் துணையின்றிப் பறக்கும் மிதவை வானூர்தியாகிய கிளைடரையும் செலுத்துவதற்காகத் தமது உரிமத்தில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தகுதி ஆகும். இதனை அந்நாட்டின் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிருவாகம் (சுருக்கமாக எஃப்.ஏ.ஏ.) வழங்குகிறது. இதற்கான விதிகள் கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பின் 14 ஆம் தலைப்பில் 61 ஆம் பகுதியில் உள்ளன.

இத்தகுதியை மூன்று வழிகளில் பெறலாம். தனியார் விமானி நிலையில் சேர்ப்பது ஒன்று. வணிக விமானி நிலையில் சேர்ப்பது மற்றொன்று. விளையாட்டு விமானிச் சலுகையாக மட்டும் சேர்ப்பது மூன்றாவது. இயந்திர விமானம் ஓட்டிப் பழகியவருக்கு விதிகள் கேட்கும் குறைந்தபட்ச அனுபவம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. தனியார் நிலைக்கு 3 மணி நேரப் பறப்பு போதும்; புதிய எழுத்துத் தேர்வும் இல்லை. ஆயினும் இயந்திரம் இருக்கிறது என்ற நினைப்பில் உருவான பழக்கங்களை அந்த 3 மணி நேரத்துக்குள் மாற்றிக்கொள்வது எளிதன்று. பயிற்சியின் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது.

பின்னணி

அமெரிக்க முறையில் ஒருவருக்கு ஓர் உரிமமே உண்டு. (சட்டத்தின் சொல் 'சான்றிதழ்' என்பதே; வழக்கில் உள்ள 'உரிமம்' என்ற சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.) மாணவர், விளையாட்டு, பொழுதுபோக்கு, தனியார், வணிகம், வான்வழிப் போக்குவரத்து என்பன அதன் நிலைகள். விமானம், சுழலிறகி, கிளைடர், காற்றினும் இலேசான வானூர்தி முதலியன வானூர்தி வகைகள். விமான வகைக்குள் ஓரியந்திரத் தரைவிமானம், பல்லியந்திர நீர்விமானம் போன்ற உட்பிரிவுகள் இருப்பதுபோல் கிளைடர் வகைக்குள் உட்பிரிவு ஏதும் இல்லை. ஆகவே பழைய துணிபோர்த்திய பயிற்சிக் கிளைடரில் தேர்வெழுதியவரும் சட்டப்படி நவீன இழைக்கலவைக் கிளைடரைச் செலுத்தலாம். சட்டம் அனுமதிப்பதை வானூர்தியின் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை என்பது வேறு செய்தி.

ஒரு வகைக்கான தகுதி மற்றொரு வகைக்குச் செல்லாது. பல ஆயிரம் மணி நேரம் பயணிகள் விமானம் செலுத்திய வான்வழிப் போக்குவரத்து விமானிகூட, கிளைடர் தகுதி இல்லையெனில், பயிற்றுநரின் ஒப்புதல் இன்றி ஒரு கிளைடரில் தனியே ஏற முடியாது. கிளைடருக்கு வான்வழிப் போக்குவரத்து நிலையே கிடையாது. அவரும் தனியார் அல்லது வணிக நிலையில்தான் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரலாற்றில் இந்தப் பாதை எதிர்த்திசையில் அமைந்திருந்தது என்பது சுவையானது. ரைட் சகோதரர்கள் 1902 இல் வட கரோலினாவின் மணற்குன்றுகளில் கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பழகிய பின்னரே 1903 இல் இயந்திரத்தைப் பொருத்தினர். முதலில் கிளைடர், பிறகு இயந்திரம் என்பதே அவர்களின் வரிசை. இன்று பெரும்பாலோர் இயந்திரத்தில் தொடங்கிக் கிளைடருக்கு வருகின்றனர். அமெரிக்காவில் இத்துறையின் தேசிய அமைப்பான அமெரிக்க மிதவைப் பறப்புச் சங்கம் 1932 இல் நிறுவப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகருக்கு அருகிலுள்ள ஹாரிஸ் ஹில் இவ்விளையாட்டின் பழைய மையங்களுள் ஒன்று. தேசிய மிதவைப் பறப்பு அருங்காட்சியகம் அங்கு உள்ளது.

விமானிகள் இதனை நாடுவதற்கான காரணங்கள்

மருத்துவச் சான்று ஒரு முதன்மையான காரணம். இயந்திர விமானத்தைச் செலுத்தும் தனியார் விமானி பொதுவாக மருத்துவச் சான்று வைத்திருக்க வேண்டும், அல்லது 2017 இல் நடைமுறைக்கு வந்த 'பேசிக்மெட்' என்னும் எளிய முறைக்கு உட்பட வேண்டும். கிளைடர் செலுத்த இவ்விரண்டும் தேவையில்லை. இதய நோய் முதலிய காரணங்களால் சான்றை இழந்த மூத்த விமானிகள் பலர் வானை விட்டு நீங்க மனமின்றிக் கிளைடருக்கு வருகின்றனர். அமெரிக்க விதிகளில் இயந்திரம் பொருத்திய மோட்டார் கிளைடரும் கிளைடர் வகையிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. எனவே தானே ஓடி எழும்பும் மோட்டார் கிளைடரில் மருத்துவச் சான்று இல்லாமலேயே நெடுந்தொலைவு செல்ல இயலும்.

எனினும் இச்சலுகை பலரும் எண்ணுவதுபோல் வரம்பற்றதன்று. பாதுகாப்பாகச் செலுத்த இயலாதபடி செய்யும் உடற்குறை தமக்கு உள்ளது என்று அறிந்தவர், அல்லது அவ்வாறு கருதக் காரணம் உடையவர், கிளைடரையும் செலுத்தக் கூடாது என்று விதி 61.53 கூறுகிறது. மருத்துவர் செய்யும் முடிவை இங்கே விமானி தாமே செய்ய வேண்டியுள்ளது. அது எளிதல்ல, கடினமானது.

மற்றொரு காரணம் திறன். இயந்திரம் நின்றுபோன விமானம் எதுவாயினும் அது ஒரு கிளைடரே என்பது பயிற்றுநர்கள் அடிக்கடி சொல்வது. இதற்குக் காட்டப்படும் புகழ்பெற்ற சான்று அண்டை நாடான கனடாவில் நிகழ்ந்தது. 1983 சூலை 23 அன்று ஏர் கனடாவின் 143 ஆம் பறப்பாகச் சென்ற போயிங் 767 விமானம், எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டில் கணக்கிட்ட பிழையால், சுமார் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரு இயந்திரங்களையும் இழந்தது. அதில் 69 பேர் இருந்தனர். தலைமை விமானி ராபர்ட் பியர்சன் கிளைடரில் நல்ல அனுபவம் உள்ளவர். துணை விமானி மாரிஸ் குவின்டல் முன்னர்ப் பணியாற்றிய கிம்லி என்னும் கைவிடப்பட்ட வான்படைத் தளத்தை அவர்கள் நோக்கிச் சென்றனர். ஓடுதளத்தை நெருங்கியபோது விமானம் மிக உயரத்தில் இருந்தது. சுற்றி வருவதற்குப் போதிய உயரமும் இல்லை. பியர்சன் சுக்கானை ஒரு பக்கமும் ஐலரானை எதிர்ப்பக்கமும் திருப்பி, விமானத்தைப் பக்கவாட்டில் சரித்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். கிளைடரிலும் சிறு விமானங்களிலும் வழக்கமான இம்முறை பெரிய தாரை விமானத்தில் எவரும் எதிர்பாராதது. முன்சக்கரம் மடங்கியது, உயிரிழப்பு இல்லை.

2009 சனவரி 15 அன்று நியூயார்க்கின் அட்சன் ஆற்றில் 155 பேருடன் ஏர்பஸ் ஏ320 விமானத்தை இறக்கிய செஸ்லி சல்லன்பர்கரும் கிளைடர் தகுதி உடையவர். அந்நிகழ்வுக்குப் பின் கிளைடர் பயிற்சியே அவரைக் காத்தது எனப் பலர் எழுதினர். ஆனால் அப்பயிற்சி மிகப் பழையது என்றும், அதனால் கிடைத்த உதவி பெரிதன்று என்றும் அவரே கூறியுள்ளார். ஆகவே இச்சான்றைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. கிம்லி நிகழ்வில் கிளைடரின் குறிப்பிட்ட ஒரு நுட்பம் பயன்பட்டது தெளிவு. அட்சன் நிகழ்வில் அவ்வாறு சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை.

தனியார் விமானி நிலை

விதி 61.109 இன் கிளைடர் பிரிவு விண்ணப்பதாரர்களை இரண்டாகப் பிரிக்கிறது. காற்றினும் கனமான வானூர்தியில் 40 மணி நேரம் விமானியாகப் பறந்திராதவர் கிளைடரில் 10 மணி நேரமும் 20 பறப்புகளும் காட்ட வேண்டும். அந்த 40 மணி நேரத்தை முடித்தவர் காட்ட வேண்டியது கிளைடரில் 3 மணி நேரம் மட்டுமே. அதனுள் 10 தனிப் பறப்புகளும், தேர்வுக்கு முந்திய இரண்டு நாட்காட்டி மாதங்களுக்குள் பயிற்றுநருடன் செய்த 3 ஆயத்தப் பறப்புகளும் அடங்க வேண்டும். இயந்திர விமானத்தில் தனியார் உரிமம் பெற்றவர் எவரும் பொதுவாக 40 மணி நேரத்தைக் கடந்திருப்பார். ஆகவே ஏறத்தாழ அனைவரும் இரண்டாம் பிரிவில் வருவர்.

இந்த 3 மணி நேரம் எவ்வாறு நிரம்புகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பயிற்சிக் கிளைடர் அமைதியான காற்றில் நிமிடத்துக்குச் சுமார் 200 அடி வீதம் இறங்குகிறது. 3,000 அடியில் கயிற்றை விடுவித்து, இறங்குசுற்றுக்காக 1,000 அடிக்கு வர 10 நிமிடம் ஆகும். இழுத்துச் செல்லும் நேரத்தையும் இறங்குசுற்றையும் சேர்த்தால் ஒரு பறப்பு 20 நிமிடத்தை எட்டுவதே அரிது. 10 தனிப் பறப்புகளைச் செய்து முடிக்கும்போது 3 மணி நேரம் தானாகவே நிறைந்துவிடும். உண்மையில் விண்ணப்பதாரருக்குத் தடையாக இருப்பது மணிக்கணக்கு அன்று. தனியே விடலாம் என்று பயிற்றுநர் ஒப்புக்கொள்ளும் நிலையை அடைவதற்குத் தேவையான இணைப்பறப்புகளே கூடுதல் காலத்தை எடுத்துக்கொள்ளும். அவற்றின் எண்ணிக்கையை விதி குறிப்பிடவில்லை.

விதி 61.63 இன்படி, அதே நிலையில் இயந்திர வானூர்தித் தகுதி உள்ளவர் மீண்டும் எழுத்துத் தேர்வு எழுதத் தேவையில்லை. பயிற்றுநரின் பதிவேட்டு ஒப்புதலும் நடைமுறைத் தேர்வில் தேர்ச்சியும் போதும். எழுத்துத் தேர்வு இல்லை என்பதால் பாடமும் இல்லை என்று கொள்வது தவறு. நடைமுறைத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் வெப்பக் காற்றெழுச்சி, மலைச்சரிவுக் காற்று, வேக-இறக்க வளைகோடு, எடைச் சமநிலை, இழுவைச் சைகைகள் என அனைத்தும் கேட்கப்படும்.

கிளைடருக்கான வயது வரம்பும் குறைவு. 14 வயதில் தனிப் பறப்பும் 16 வயதில் தனியார் உரிமமும் பெறலாம்; விமானத்துக்கு இவை முறையே 16, 17. ஏற்கெனவே உரிமம் உள்ளவருக்கு இது பொருந்தாது என்றாலும், கிளைடரில் தொடங்கி விமானத்துக்குச் செல்லும் இளைஞர்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

வணிக விமானி நிலை

காற்றினும் கனமான வானூர்தியில் 200 மணி நேரம் முடித்த விமானி, தனியார் கிளைடர் தகுதியைப் பெறாமலேயே நேராக வணிக நிலைக்குச் செல்லலாம். விதி 61.129 இன்படி கிளைடரில் தலைமை விமானியாக 20 பறப்புகள் வேண்டும். பயிற்றுநருடன் 3 மணி நேரம் அல்லது 10 பயிற்சிப் பறப்புகளும், 5 தனிப் பறப்புகளும் வேண்டும். கிளைடர் தகுதி இன்னும் இல்லாதவர், தனியே இருக்கும்போது மட்டுமே தம்மைத் தலைமை விமானியாகப் பதிந்துகொள்ள முடியும். எனவே நேரடியாக வருபவருக்கு அந்த 20 பறப்புகளும் நடைமுறையில் தனிப் பறப்புகளே.

தனியார் நிலைக்கும் வணிக நிலைக்கும் உள்ள வேறுபாடு, இவ்வாறு பார்த்தால், ஏறத்தாழ 10 தனிப் பறப்புகளும் சற்றுக் கடுமையான தேர்வும்தான். வேகத்தைக் காப்பதிலும் குறித்த இடத்தில் இறங்கி நிற்பதிலும் வணிகத் தேர்வு கூடுதல் துல்லியத்தை எதிர்பார்க்கிறது. விமானத்தில் வணிக உரிமம் உள்ளவருக்கு இங்கும் எழுத்துத் தேர்வு இல்லை. தனியார் உரிமம் மட்டும் உள்ளவர் வணிகக் கிளைடர் எழுத்துத் தேர்வை எழுதியாக வேண்டும். தேர்ச்சி பெற்றால் அவரது உரிமத்தில் 'வணிக விமானி - கிளைடர். தனியார் சலுகை - ஓரியந்திரத் தரைவிமானம்' என்றவாறு அச்சாகும். அதாவது கிளைடரில் கட்டணம் பெற்றுப் பயணியை ஏற்றலாம். விமானத்தில் ஏற்ற முடியாது.

பயிற்றுநராக விரும்புபவருக்கு வணிக நிலை கட்டாயம். அத்துடன் கிளைடரில் தலைமை விமானியாக 15 மணி நேரமும் வேண்டும். 200 மணி நேரம் உள்ளவர் முதலில் தனியார் நிலையில் ஒரு தேர்வும் பின்னர் வணிக நிலையில் மற்றொரு தேர்வும் எழுதுவது பணச்செலவை இரட்டிப்பதாகவே முடிகிறது. ஆயினும் கிளைடரில் முன்பின் பறந்திராதவர் 20 முறை தனியே சென்று தம் பிழைகளைத் தாமே கெட்டிப்படுத்திக்கொள்வதைவிட, இடையில் ஒரு தேர்வாளரின் கண்ணில் படுவது நன்று என்று வாதிடுவோரும் உள்ளனர்.

விளையாட்டு விமானிச் சலுகை

விதி 61.321 மூன்றாவது வழியைத் தருகிறது. இதில் நடைமுறைத் தேர்வு இல்லை. நியமனத் தேர்வாளரும் இல்லை. ஒரு பயிற்றுநர் பயிற்சி அளித்து ஒப்புதல் எழுதுவார். அவரல்லாத இரண்டாம் பயிற்றுநர் திறன் சோதனை செய்து ஒப்புதல் எழுதுவார். விண்ணப்பப் படிவம் எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்பப்படும். குறைந்தபட்ச மணிக்கணக்கு எதுவும் விதியில் சொல்லப்படவில்லை.

செலவு குறைவு, தேர்வாளருக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் இவ்வாறு பெற்றது விளையாட்டு விமானியின் வரம்புகளுக்கு உட்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 10,000 அடி, அல்லது தரையிலிருந்து 2,000 அடி, இவற்றுள் எது உயரமோ அதற்கு மேல் செல்லக்கூடாது. சமவெளியில் இது பொருட்டன்று. மேற்கு மாநிலங்களின் உயர்ந்த பாலைநிலங்களில் கோடைகால வெப்பக் காற்று இந்த உயரத்தை எளிதில் தாண்டிச் செல்லும். அங்கு இவ்வரம்பு மிதவைப் பறப்பின் பயனையே பாதியாக்கிவிடும். விளையாட்டு விமானி விதிகள் 2025 இல் பெரிதும் விரிவாக்கப்பட்டன. உயர வரம்பு நீக்கப்படவில்லை. இவ்வழியை முதற்படியாகக் கொண்டு பின்னர்த் தனியார் நிலைத் தேர்வை எழுதுவதற்குத் தடை இல்லை.

வானேற்று முறைகள்

கிளைடர் தானாக எழும்பாது என்பதால், அதனை வானுக்கு ஏற்றும் முறைக்கும் தனி ஒப்புதல் வேண்டும். விதி 61.31 மூன்று முறைகளைக் கூறுகிறது: விமானத்தால் இழுத்தல், தரையிலிருந்து விஞ்ச் அல்லது ஊர்தியால் இழுத்தல், சொந்த இயந்திரத்தால் எழும்புதல். ஒருவர் எம்முறையில் பயின்றாரோ அம்முறைக்கு மட்டுமே ஒப்புதல் பெறுவார். அமெரிக்காவில் விமான இழுவையே பெருவழக்கு. செருமனியிலும் பிரித்தானியாவிலும் விஞ்ச் மிகுதியாகப் பயன்படுகிறது.

விமான இழுவையில் சுமார் 200 அடி (60 மீட்டர்) நீளக் கயிறு இரண்டு வானூர்திகளையும் இணைக்கிறது. கயிற்றின் வலிமைக்கும் விதி உண்டு. கிளைடரின் சான்றளிக்கப்பட்ட உச்ச எடையில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலும், அவ்வெடையின் இரு மடங்குக்கு மேற்படாமலும் அது அறுபட வேண்டும். அதனினும் வலிய கயிறாயின் இடையில் ஒரு பலவீன இணைப்பைப் பொருத்த வேண்டும். மின்சுற்றில் உருகி செய்யும் வேலையையே இங்கு இவ்விணைப்பு செய்கிறது.

பயிற்சியில் எதிர்ப்படும் இடர்கள்

இயந்திர விமானி முதலில் திணறுவது இழுவையில்தான். முன்னே செல்லும் விமானத்தை 60 மீட்டர் பின்னால் இருந்து, அதன் ஒவ்வொரு அசைவுக்கும் ஈடுகொடுத்துத் தொடர வேண்டும். இது ஓர் அணிவகுப்புப் பறப்பு. பெரும்பாலான விமானிகள் இதற்குமுன் அதனைச் செய்ததில்லை. இங்கு நேரும் பிழைக்கு விலை கொடுப்பவர் பிழை செய்தவராக இல்லாமலும் போகலாம். கிளைடர் மிகவும் மேலே ஏறிவிட்டால் கயிறு இழுவை விமானத்தின் வாலை மேலே தூக்கும். அதன் மூக்கு கீழே கவிழும். தாழ்ந்த உயரத்தில் இது நிகழ்ந்தால் இழுவை விமானி மீள்வதற்கு இடம் இராது. இழுவை விமானிகள் இவ்வாறு உயிரிழந்துள்ளனர். அதனால்தான் முன்னே உள்ள விமானம் கண்ணுக்கு மறைந்தால் அந்த நொடியே கயிற்றை விடுவிக்க வேண்டும் என்பது முதல் நாளே கற்பிக்கப்படுகிறது.

சைகைகளும் மனப்பாடமாக வேண்டும். இழுவை விமானம் இறக்கைகளை இருபுறமும் ஆட்டினால் 'உடனே விடுவி' என்று பொருள். சுக்கானை மட்டும் ஆட்டினால் 'உன் ஸ்பாய்லரைப் பார்' என்று பொருள். (ஸ்பாய்லர் என்பது இறக்கையின் மேற்புறத்தில் எழும்பி, ஏற்றுவிசையைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் தடைத்தகடு.) இரண்டாவதை முதலாவதாக எண்ணித் தாழ்ந்த உயரத்தில் கயிற்றை விடுவிப்பது அறியப்பட்ட பிழை, ஸ்பாய்லர் திறந்திருக்கும் நிலையிலேயே விடுவிப்பதால் அது இரு மடங்கு இடராகிறது.

அடுத்தது 200 அடி. கயிறு அறுபடும் ஒத்திகையைப் பயிற்றுநர் முன்னறிவிப்பின்றி நடத்துவார். 200 அடிக்குக் கீழே அறுபட்டால் நேர் எதிரே இறங்க வேண்டும். அதற்கு மேலே எனில், காற்றும் இடமும் அனுமதித்தால், திரும்பி வந்து அதே ஓடுதளத்தில் இறங்கலாம். சிறு விமானத்தில் இயந்திரம் நின்றால் தாழ்ந்த உயரத்தில் திரும்ப முயலாதே என்று ஆண்டுக்கணக்காகப் படித்தவருக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். விடை சறுக்கு விகிதத்தில் உள்ளது. செஸ்னா 172 விமானம் இயந்திரமின்றி ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 9 மீட்டர் முன்னேறும். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 கிளைடர் 34 மீட்டர் முன்னேறும். பழைய ஷ்வைட்சர் 2-33 கூட 20 மீட்டருக்கு மேல் செல்லும். இழுவையின்போது உயரும் 200 அடியை நெருங்கியதும் 'இருநூறு' என்று உரக்கச் சொல்லும் பழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. திரும்பும் திசையும் முடிவும் அந்தச் சொல்லுக்கு முன்பே மனத்தில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது கால்கள். சிறு விமானங்களில் சுக்கான் மிதியை அதிகம் தொடாமலே திரும்பிவிடலாம். ஏ.எஸ்.கே. 21 இன் இறக்கை நீளம் 17 மீட்டர், செஸ்னா 172 இனுடையது சுமார் 11 மீட்டர். நீண்ட இறக்கையில் ஐலரானைத் திருப்பியதும் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். அதனைச் சுக்கானால் உடனுக்குடன் சரிசெய்ய வேண்டும். இதனைக் காட்டும் கருவி, கண்ணாடி மூடியின் முன்புறம் ஒட்டப்பட்ட ஒரு துண்டுக் கம்பளி நூல். பல இலட்சம் மதிப்புள்ள மின்னணுக் கருவிகள் உள்ள கிளைடரிலும் இந்த நூலைக் காணலாம். அது நேராகப் பின்னோக்கிக் கிடந்தால் பறப்பு சீராக உள்ளது என்று பொருள். பல ஆயிரம் மணி நேர விமானிகளின் முதற் பறப்பில் இந்த நூல் நேராக நிற்பதே இல்லை.

இறங்குவதே இறுதியான தேர்வு. கிளைடருக்கு மறுசுற்று இல்லை. விமானி பழக்கத்தால் உயரமானியைப் பார்த்து இத்தனை அடியில் திரும்ப வேண்டும், இத்தனை அடியில் இறுதி நேர்வழிக்கு வர வேண்டும் என்று கணக்கிடுவார். கிளைடரில் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியும் கோணத்தைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். வெளியே ஒரு வயலில் இறங்க நேர்ந்தால் அந்த வயலின் உயரம் எந்தக் கருவியிலும் இராது. இயந்திர விமானிகளிடம் பயிற்றுநர் காணும் பொதுவான குறை, இறங்குசுற்றை வெகுதூரம் நீட்டி, தாழ்வாகவும் நீளமாகவும் ஓடுதளத்தை நோக்கி வருவது. இயந்திரம் இருந்தால் சற்று விசையைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம்; இங்கே கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே வேண்டுமென்றே உயரமாக வந்து, உபரி உயரத்தை ஸ்பாய்லரால் கழிக்குமாறு கற்பிக்கின்றனர். இதில் ஒரு நற்பேறு உண்டு. ஸ்பாய்லரின் கைப்பிடியை முன்னே தள்ளினால் கிளைடர் தொலைவு செல்லும், பின்னே இழுத்தால் குறையும். இயந்திர விசைப்பிடியும் அவ்வாறே. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விமானி மாற்றத் தேவையில்லை. தரைக்கு மிக அருகில் அமர்ந்திருப்பதால், விமானத்தில் செய்வதுபோல் உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடும் பிழையும் தொடக்கத்தில் வரும்.

பயிற்சி பெறும் இடங்கள்

மிதவைப் பறப்புச் சங்கங்களில் பயிற்றுநர்கள் ஊதியம் பெறாத் தொண்டர்கள். வார இறுதியில் முழுநாளும் களத்தில் இருந்து, பிறரின் கிளைடரைத் தள்ளி, இறக்கையைப் பிடித்து ஓடி, தம் முறை வரும்போது ஓரிரு பறப்புகள் செய்யலாம். செலவு குறைவு, ஒரு பருவம் முழுவதும் ஆகலாம். வணிகப் பயிற்சி நிலையங்களில் நாள்தோறும் பறந்து, காலநிலை ஒத்துழைத்தால், ஓரிரு வாரங்களில் முடிக்கலாம். விரைவாக முடித்தவருக்குத் தேர்வு வரையிலான திறன் கிடைக்கிறது. வெப்பக் காற்றில் ஏறி மணிக்கணக்கில் நிலைத்திருக்கும் கலையைப் பெரும்பாலும் பின்னரே கற்க வேண்டியிருக்கும். கிளைடருக்கான நியமனத் தேர்வாளர்கள் குறைவு என்பதால், எங்குப் பயின்றாலும் தேர்வு நாளை முன்கூட்டியே உறுதிசெய்வது நல்லது.

இயந்திர விமானியைச் சங்கங்கள் விரும்பி வரவேற்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. அவர் இழுவை விமானியாகவும் ஆகலாம். விதி 61.69 இன்படி தனியார் உரிமமும், இழுக்கும் விமானத்தின் அதே வகையில் தலைமை விமானியாக 100 மணி நேரமும், இதற்கான பயிற்சியும் ஒப்புதலும் வேண்டும். கிளைடர் தகுதி இதற்குக் கட்டாயமன்று. எனினும் கயிற்றின் இரு முனைகளிலும் இருந்து பார்த்தவரே நல்ல இழுவை விமானி என்பது களத்தில் உள்ளோர் கருத்து.

தகுதி பெற்ற பின்

பயணியை ஏற்றிச் செல்ல, முந்திய 90 நாட்களில் கிளைடரில் 3 முறை எழும்பி இறங்கியிருக்க வேண்டும். விமானத்தில் செய்தவை கணக்கில் வரா. 24 நாட்காட்டி மாதங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பறப்பு மீளாய்வைக் கிளைடரிலேயே செய்யலாம். அதற்குரிய ஒரு மணி நேரப் பறப்புப் பயிற்சிக்குப் பதிலாக, இறங்குசுற்று உயரம் வரை செல்லும் 3 பயிற்சிப் பறப்புகள் ஏற்கப்படுகின்றன. அம்மீளாய்வு விமானத்துக்கும் செல்லும். அதாவது, ஈராண்டாக விமானத்தைத் தொடாத ஒருவர் கிளைடரில் 3 முறை பறந்து சட்டப்படி விமானத்துக்கான மீளாய்வையும் முடித்தவராகிறார். சட்டம் இடம் தருகிறது என்பதற்காக இதனைப் பின்பற்றுவது அறிவுடைமை ஆகாது.

பிற நாடுகளில்

ஒரே உரிமத்தில் கிளைடரைச் சேர்க்கும் இம்முறை எங்கும் உள்ளதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிதவை வானூர்தி உரிமம் தனியான ஓர் உரிமம். அதற்கு மருத்துவச் சான்றும் வேண்டும். 2020 இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அதற்கு 15 மணி நேரப் பறப்புப் பயிற்சி தேவை. பிற வகை வானூர்தியில் உரிமம் உள்ளவருக்குத் தலைமை விமானியாகப் பறந்த நேரத்தில் 10 விழுக்காடு, அதிக அளவாக 7 மணி நேரம் வரை, இதில் கழித்துக்கொள்ளப்படும். அமெரிக்க விதியின் 3 மணி நேரத்தோடு ஒப்பிட, இயந்திர அனுபவத்துக்கு ஐரோப்பா தரும் மதிப்பு குறைவு.